எம்மா போய் மைக் வந்த கதை

ஆங்கில அரிச்சுவடியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பி, சி, டி, இ, ஜி, பி, டி, வி. எட்டு எழுத்துகள் ஒரே 'இ' ஓசையில் வந்து முடிகின்றன. தமிழில் எழுதும்போது நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்துக்கும் பதினாறாவது எழுத்துக்கும் நம்மிடம் உள்ளது ஒரே 'பி'. நான்காவதுக்கும் இருபதாவதுக்கும் ஒரே 'டி'. ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டாவது எழுத்தை 'முன் பி' என்றும், பதினாறாவதைப் 'பின் பி' என்றும் எழுதப் போகிறேன். எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் எல்லோருடைய நித்திரையையும் கெடுத்தவை இந்த இரண்டு எழுத்துகள்தான்.

மூத்தம்மாவின் முழுப் பெயரை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. "பொஸ்தகத்துலயெல்லாம் என்ட பேரப் போடாத புள்ள" என்று சொல்லிவிட்டார். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அதன் முடிவில் 'ம்பு' வரும் என்பதைச் சொல்ல மட்டும் அனுமதி கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பழைய காலத்துப் பெண்களின் பெயர்களில் கேட்கிற அதே 'ம்பு'. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் அதை எம், முன் பி, யூ என்று மூன்று ஆங்கில எழுத்துகளாகப் பதிந்திருக்கிறார்கள்.

சென்ற வருடம் அவருக்கு வலது கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டது. கண்ணுக்குள் வைக்கும் வில்லையை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். கட்டாரில் இருக்கும் மாமா அதற்குக் காசு அனுப்புவதாகச் சொன்னார். கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும் என்று, வேலை செய்யும் இடத்திலிருந்தே அழைப்பு எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். முன் பி வந்த இடத்தில் "பி ஃபோர் போல்" என்று விளக்கமும் கொடுத்தேன். போல் என்றால் பந்து. மாமாவுக்குக் கேட்டதும் போல்தான்; ஆனால் அவர் மனதில் வந்தது கம்பம். பந்துக்கும் கம்பத்துக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, நம் வாயில் ஒரே சொல்.

காசு வந்தது. ஆனால் மூத்தம்மாவுக்கு வரவில்லை; பின் பி உள்ள வேறு யாரோ ஒரு பெண்ணுக்கு வந்திருந்தது. அனுப்பியவர்தான் திருத்த வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். அங்கே மாமாவுக்கு விடுமுறை கிடைத்து, அவர் போய்த் திருத்துவதற்குள் திகதி கடந்துவிட்டது. அடுத்த திகதி ஐந்து வாரம் தள்ளிக் கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் மூத்தம்மா குர்ஆனை முகத்துக்கு மிக அருகில் பிடித்து, தலையைச் சற்றுச் சரித்து, இடது கண்ணால் மட்டும் ஓதினார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

மாமா அந்த மாதம்தான் விமான நிலையத்தின் சரக்குப் பகுதிக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே பெட்டிகளின் அடையாள எழுத்துகளைக் கையடக்க வானொலிக் கருவியில் சொல்வதற்கு முன் 26 சொற்களைப் பாடமாக்க வேண்டுமாம். ஒரு வெள்ளிக்கிழமை அவற்றைக் குரல்பதிவாக எனக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்: "மகள், இதப் பாடமாக்குங்க. இனி நமக்குள்ள பந்தும் வேணாம், கம்பமும் வேணாம்."

அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபொக்ஸ்ட்ரொட், கொல்ஃப், ஹோட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லீமா, மைக், நொவெம்பர், ஒஸ்கார், பாப்பா, கியூபெக், ரோமியோ, சியரா, டாங்கோ, யூனிஃபோர்ம், விக்டர், விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு.

இராணுவப் படங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பட்டியலாகக் கேட்டது அன்றுதான். கொரோனாக் காலத்தில் அல்ஃபாவும் டெல்டாவும் செய்திகளில் வந்தன. அவை கிரேக்க எழுத்துகளின் வரிசை, அங்கே இரண்டாவது பீட்டா. இது வேறு வரிசை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தம்பியிடம் தாளைக் கொடுத்து ஒப்புவித்தேன். மூன்று நாளில் வந்துவிட்டது. கிலோ, மைக், எக்ஸ்ரே, யூனிஃபோர்ம், ஹோட்டல் எல்லாம் நாம் ஏற்கெனவே பேசும் சொற்கள்தாமே. லீமா பெரு நாட்டின் தலைநகர், கியூபெக் கனடாவில் உள்ளது, சியரா ஸ்பானிய மொழியில் மலைத்தொடர், டாங்கோவும் ஃபொக்ஸ்ட்ரொட்டும் நடனங்கள்.

பெண்கள் கல்லூரியில் படிப்பவள் என்பதால் ஒரு கணக்கும் எடுத்தேன். சார்லி, மைக், ஒஸ்கார், ரோமியோ, விக்டர் என்று ஐந்து ஆண்கள் இருக்கிறார்கள். பாப்பாவும் ஆண்தான், தந்தையைக் குறிக்கும் சொல். பெண் பெயர் ஒன்றே ஒன்று, ஜூலியட். இந்தக் கணக்குத்தான் என்னைப் பழைய பட்டியல்களைத் தேட வைத்தது. முன்பாவது யாராவது இருந்தார்களா என்று பார்க்க ஆசை.

இருந்தாள். எம் என்ற எழுத்துக்குப் பிரித்தானிய இராணுவம் வைத்திருந்த பெயர் எம்மா.

முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பே அவர்களுடைய சமிக்ஞைப் பிரிவினர், காதில் குழம்புகிற சில எழுத்துகளுக்கு மட்டும் தனிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் எழுத்து அக், எம் எழுத்து எம்மா, பின் பி பிப், எஸ் எழுத்து எஸ்ஸஸ், இருபதாவது எழுத்தான டி டொக், வி எழுத்து விக். பின்னர் முன் பி 'பியர்' ஆனது, நான்காவது எழுத்தான டி 'டொன்' ஆனது. கவனித்துப் பாருங்கள். தொல்லை கொடுத்த எழுத்துகளில் எங்கள் வீட்டுத் தொல்லைகள் இரண்டும் இருக்கின்றன. பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து, குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே, கம்பித் தொலைபேசியில் ஓர் இடத்தின் பெயரைச் சொன்ன சிப்பாய்க்கும், இயந்திர இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற மாமாவுக்கும் அடிப்படையில் ஒரே பிரச்சினை. அங்கே ஒரு எழுத்துப் பிழைத்தால் பீரங்கி வேறு இடத்தைச் சுடும் என்பது மட்டும் வித்தியாசம்.

அந்தப் பெயர்கள் சிப்பாய்களின் அன்றாடப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டன. முற்பகலைக் குறிக்கும் ஏ.எம். 'அக் எம்மா'. பிற்பகல் 'பிப் எம்மா'. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு 'அக் அக்' என்ற பெயர் வந்ததும் இதனால்தான். பெல்ஜியத்தில் யுத்தமுனைக்குச் சற்றுப் பின்னால் இருந்த பொப்பரிங்கே என்ற ஊரில், 1915 டிசம்பரில் சிப்பாய்கள் இளைப்பாறுவதற்காக டல்பொட் ஹவுஸ் என்றொரு வீடு திறக்கப்பட்டது. அதன் இரண்டு முதலெழுத்துகளையும் சமிக்ஞைக்காரர் பாணியில் சொல்ல 'டொக் ஹெச்' ஆயிற்று. யுத்தம் முடிந்து அந்த எழுத்துப் பெயர்கள் மாறிய பிறகும், அந்த வீட்டிலிருந்து பிறந்த சமூக சேவை அமைப்பு டொக் ஹெச் என்ற பெயரிலேயே தொடர்ந்தது.

எழுத்துக்கு அடையாளமாக ஒரு துணைச் சொல்லைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. சிறிய வகுப்பில் சொல்வதெழுதும்போது ஆசிரியை எப்படிச் சொல்லுவார்? டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ணகரத்துக்கு அருகில் டகரத்தையும், நகரத்துக்கு அருகில் தகரத்தையும், னகரத்துக்கு அருகில் றகரத்தையும் நிற்க வைத்து அடையாளம் காட்டினோம். வல்லின ற, இடையின ர என்பதும் அதே வேலைதான். இந்தக் கண்ணால் பார்த்த பிறகு, அல்ஃபா பிராவோ எனக்கு இராணுவ விஷயமாகத் தோன்றவில்லை. சொல்வதெழுதுதல் வகுப்பாகத் தோன்றியது.

இதை 'போனெட்டிக் அல்பபெட்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்பது என் கருத்து. மொழியியலாளர்கள் உலக மொழிகளின் ஒலிகளை நுணுக்கமாகக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் ஒலிப்பு எழுத்து முறை வேறொன்று. அல்ஃபா பிராவோ ஒலியை எழுதுவதில்லை, எழுத்தை ஒலிக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் ஒட்டிவிட்ட பெயரை இனி யார் மாற்றுவது?

இரு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சர்வதேச வானொலி மாநாடுகள் வேறொரு பட்டியலை வகுத்தன. 1927இல் ஒன்று, 1932இல் திருத்தம். இது பெரும்பாலும் ஊர்ப் பெயர்களால் ஆனது: ஆம்ஸ்டர்டாம், பால்டிமோர், ஜெரூசலம், லிவர்பூல், மடகாஸ்கர், வாஷிங்டன், யோகஹாமா. உலகப் படத்தை விரித்து வைத்ததுபோல அழகாக இருக்கிறது. ஆனால் அவசரத்தில் ஓர் எழுத்துக்கு ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று அசைகள் சொல்லி முடிப்பதற்குள் விமானம் எங்கே போய்விடும்?

அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் 1941இல் தமக்குள் பொதுவாக ஒரு பட்டியலை ஏற்றன. ஏபிள், பேக்கர், சார்லி, டோக், ஈஸி, ஃபொக்ஸ் என்று தொடங்கும். 1943இல் பிரித்தானிய விமானப்படையும் அதற்கு மாறியது. எம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். எம் எழுத்தின் இடத்தில் இப்போது மைக் இருந்தான். பெண்கள் என்று பார்த்தால் குவீன் என்ற அரசியும், நான் என்ற ஒரு பெண் பெயரும் மட்டும்.

சின்னச் சின்னச் சொற்கள். குழந்தைகளின் படப் புத்தகத்தில் வருவன போன்றவை. ஆனால் அவை போய் ஒட்டிய இடங்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1944 ஜூன் 6ஆம் திகதி நேசப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது, ஒமாஹா எனப் பெயரிடப்பட்ட கரையின் பகுதிகள் டோக், ஈஸி, ஃபொக்ஸ் என்று பிரிக்கப்பட்டிருந்தன. இலகு என்று பொருள்படும் ஈஸி, அன்று அங்கே இறங்கியவர்களுக்கு எந்த வகையிலும் இலகுவாக இருக்கவில்லை. 1946 ஜூலையில் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள பிகினித் தீவுகளில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தது. தீவு மக்களை அதற்கு முன்பே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாவது வெடிப்புக்கு ஏபிள் என்றும், இரண்டாவதுக்கு பேக்கர் என்றும் பெயர். பேக்கர் என்றால் வெதுப்பகக்காரர்.

யுத்தம் முடிந்ததும் பயணிகள் விமானங்கள் நாடு விட்டு நாடு பறக்கத் தொடங்கின. ஸ்பானிய மொழி பேசும் விமானியிடம் போய் ஜிக் என்றும் ஓபோ என்றும் சொன்னால் அவர் என்ன செய்வார்? இலத்தீன் அமெரிக்காவில் 'ஆனா, பிரேசில்' என்று தொடங்கும் வேறொரு பட்டியல் புழங்கியது. அதில் ஆனா மட்டுமல்ல, ரோஸாவும் ஸாராவும் இருந்தார்கள். என் கணக்குக்கு அது மிகப் பிடித்த பட்டியல். ஆனால் வானத்தில் இரண்டு பட்டியல்கள் இருப்பது ஆபத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்து மொழியியல் பேராசிரியர் ஜோன் போல் வினேயின் உதவியை நாடியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றிலும் உயிரோடு புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும். எந்த மொழிக்கார விமானிக்கும் சொல்ல வர வேண்டும். வானொலியில் தெளிவாகக் கேட்க வேண்டும். எந்த எழுத்தைக் குறிக்கிறதோ அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். ஆட்சேபத்துக்குரிய பொருள் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

1951 நவம்பரில் புதிய பட்டியல் பயணிகள் விமான சேவைக்கு வந்தது. இன்றைய பட்டியல்தான், ஐந்து இடங்கள் தவிர. சார்லியின் இடத்தில் கோகா, மைக்கின் இடத்தில் மெட்ரோ, நொவெம்பரின் இடத்தில் நெக்டர், யூனிஃபோர்மின் இடத்தில் யூனியன், எக்ஸ்ரேயின் இடத்தில் எக்ஸ்ட்ரா. பயன்படுத்தத் தொடங்கியதும் முறைப்பாடுகள் வந்தன. நெக்டரும் விக்டரும் காதில் குழம்பின. டெல்டாவும் எக்ஸ்ட்ராவும் குழம்பின. தாளில் பார்த்தால் இவை குழம்பும் என்று யாருக்குத் தோன்றும்? வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் காற்றாடிக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். நெக்டர், விக்டர். வாலைத் தவிர ஒன்றும் கேட்காது.

பிறகு நடந்த சோதனைகள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 31 நாட்டினரை இருத்தி, சொற்களை ஒலிக்கச் செய்து, யார் காதில் எது எப்படி விழுகிறது என்று பார்த்தார்கள். தனியே ஒலிக்கும்போது 'ஃபொக்ஸ்ட்ரொட்' என்பதைவிட 'ஃபுட்போல்' தெளிவாகக் கேட்டது. ஆனால் பல சொற்கள் தொடர்ந்து வரும் பேச்சில் ஃபொக்ஸ்ட்ரொட்டே மேலாக நின்றது. தனியே நன்றாகப் பாடுகிறவர் கோரஸில் சரிவராமல் போவதில்லையா, அதுபோல. கடைசியில் மாறியவை அந்த ஐந்து சொற்கள் மட்டும். 1956 மார்ச் 1ஆம் திகதி இன்றைய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. நேட்டோ நாடுகளின் இராணுவங்களும் அதே ஆண்டில் அதற்கு மாறின. நாம் இராணுவப் பட்டியல் என்று சொல்கிறோம். உண்மையில் அது பயணிகள் விமானங்களுக்காகச் செதுக்கப்பட்டு, இராணுவம் எடுத்துக்கொண்டது.

எழுத்துக்கூட்டலில்கூட அடுத்தவர் வாயைப் பற்றிய யோசனை தெரிகிறது. முதல் சொல்லை ஆங்கிலேயர் வழக்கமாக பின் பியும் ஹெச்சும் சேர்த்து எழுதுவார்கள். பட்டியலில் அது எஃப் போட்டு எழுதப்படுகிறது. அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்து 'ஃப' என்று ஒலிக்கும் என்பது எல்லா மொழிக்காரருக்கும் தெரியாது அல்லவா? ஜூலியட்டின் முடிவில் இரண்டு டி. ஒரு டி மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிக்காமல் விட்டுவிடுவார் என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். இலக்கங்களில் இன்னும் வேடிக்கை. மூன்றைத் 'த்ரீ' என்று சொல்லாமல் 'ட்ரீ' என்றே சொல்ல வேண்டுமென்று விதி. பல்லில் நாக்கை வைத்து வரும் அந்த ஒலி உலகில் பலருக்கு வராது. ஐந்தும் ஒன்பதும் குழம்பாமல் இருக்க ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. ஆங்கில வகுப்பில் நாங்கள் ட்ரீ என்று சொல்லித் திருத்தப்பட்ட நாட்கள் எத்தனை! வானத்தில் இலண்டன் விமானியும் ட்ரீ என்றுதான் சொல்ல வேண்டும்.

அல்ஃபா என்ற சொல்லுக்குள் இன்னொரு உறவு இருக்கிறது. கிரேக்கர்கள் தங்கள் முதல் எழுத்தின் பெயரைப் பினீசியரிடமிருந்து எடுத்தார்கள். அந்தப் பினீசிய எழுத்தின் இன்னொரு வாரிசுதான் நாங்கள் நான்கு வயதில் மத்ரஸாவில் சொல்லிப் பழகிய அலிஃப். டெல்டாவும் தாலும் அதேபோல உறவுக்காரர்கள். மூத்தம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் வியப்பு இல்லை. "அலிஃப்ல இருந்துதானே எல்லாம் தொடங்கும்" என்றார்.

அவர் வியந்தது வேறொன்றுக்கு. திருத்தப்பட்ட காசுக்காக மாமா மறுபடி பெயரைக் கேட்டபோது, மூத்தம்மா பக்கத்தில் கட்டிலில் இருந்தார். நான் பெயரை முழுவதும் புதிய முறையில் சொல்லி, மைக், பிராவோ, யூனிஃபோர்ம் என்று முடித்தேன். மாமா அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். ஒரு தடவைதான். "என்ட பேருக்குள்ள இத்தின பேர் இரிக்காங்களா?" என்று மூத்தம்மா கேட்டார்.

சிக்கல் முதலெழுத்தில் வந்தது. மூத்தம்மாவின் வாப்பாவின் பெயர் டபிள்யூவில் தொடங்கும். அதைச் சொன்னால்தான் கணக்குப் பெயர் முழுமையாகும். நான் பாடமாக்கிய வேகத்தில் "விஸ்கி" என்றேன். கட்டிலில் அசைவு கேட்டது.

"என்ன சென்ன நீ?"

விளக்கினேன். இது எழுத்தின் பெயர் மட்டும் மூத்தம்மா, உலகம் முழுக்க விமானிகள் சொல்வது. அவர் கேட்கவில்லை. "எங்கட வாப்பா நாப்பது வருஷம் பள்ளியில பாங்கு சென்ன மனிசன். அவர்ர பேருக்கு முன்னால அதையா கொண்டு வெக்கிற?" என்றார். மறுமுனையில் மாமா சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

அங்கேதான் அந்தக் கடைசி நிபந்தனை. ஆட்சேபத்துக்குரிய பொருள் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தவர்களே டபிள்யூவுக்கு ஒரு மதுவின் பெயரை வைத்தார்கள். 31 நாட்டவர் காதுகளைச் சோதித்தார்கள். கேட்கிறதா என்றுதான் சோதித்தார்கள், சொல்லத் தோன்றுமா என்று அல்ல. இது ஒரு பெரிய குற்றம் என்று நான் வாதாடவில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றிலும் டபிள்யூவில் தொடங்கிப் புழங்கும் சொல் அதிகம் இல்லை. அவர்களுடைய நெருக்கடி புரிகிறது. இதேபோல இன்னொன்று: மலாய் மொழியில் லீமா என்றால் ஐந்து. எழுத்தா இலக்கமா என்ற குழப்பம் அவர்களுக்கு வரும். எங்கள் வகுப்பில் மலாய்க் குடும்பத்துத் தோழி ஒருத்தி இதைக் கேட்டதும் கைதட்டினாள்.

மூத்தம்மாவுக்கு நான் கண்டுபிடித்த தீர்வு பழைய பட்டியலில் இருந்தது. 1927இலும் 1932இலும் டபிள்யூவுக்கு வாஷிங்டன். மாமாவிடம் அப்படியே சொன்னேன், அவருக்குப் புரிந்தது. பூட்டப்பாவின் பெயர் கௌரவத்தோடு கட்டார் போய்ச் சேர்ந்தது. காசு இந்தத் தடவை உரியவருக்கே வந்தது. ஐந்தாவது வாரம் சத்திரசிகிச்சையும் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பட்டியல் மாறினாலும் பழைய சொற்கள் முழுவதும் போய்விடுவதில்லை. செய்தி கிடைத்தது என்பதற்கு இன்றும் 'ரொஜர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கிடைத்தது என்ற சொல்லின் முதலெழுத்து ஆர். ஏபிள் பேக்கர் பட்டியலில் ஆர் எழுத்துக்குப் பெயர் ரொஜர். 1956க்குப் பின் அந்த எழுத்து ரோமியோ ஆகிவிட்டது. ஆனாலும் யாரும் செய்தி கேட்டதும் "ரோமியோ" என்று பதில் சொல்வதில்லை. சொன்னால் நன்றாகவும் இருக்காது. கடைசி எழுத்தான ஸூலு நேரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விமானங்கள் பொதுவாகப் பின்பற்றும் உலக நேரத்துக்கு ஸூலு நேரம் என்று பெயர். நமக்கு நள்ளிரவு 12 மணியானால் அவர்களுக்கு முந்திய நாள் 18.30 ஸூலு. நம் நாட்டு விமானங்களின் பதிவு இலக்கம் 4ஆர் என்று தொடங்கும். வானொலியில் அது 'ஃபோவர் ரோமியோ'. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் சர்வதேச அடையாளம் நான்கு எழுத்துகள்: விக்டர், சார்லி, பிராவோ, இந்தியா. மாமா விடுமுறையில் வரும்போது அவருடைய விமானம் தேடி வருவது இந்த நான்கு பேரைத்தான் என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கண் பரிசோதனைக்காக மூத்தம்மாவை மாதம் ஒருமுறை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறோம். தம்பியும் நானும் எதிரே வரும் வாகனங்களின் இலக்கத் தகடுகளை வாசிப்போம். மாகாணத்தைக் காட்டும் இரண்டு எழுத்துகள் இன்னும் நிறைய வாகனங்களில் இருக்கின்றன. கிழக்கு மாகாணம் என்றால் எக்கோ பாப்பா. மேல் மாகாணத்து வாகனம் வந்தால் தம்பிக்கு ஒரே குதூகலம். வேண்டுமென்றே அந்தச் சொல்லை உரக்கச் சொல்லுவான். மூத்தம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் கவிழ்த்து வைத்த எம் போன்ற அந்த ஒரு வடிவத்தை மட்டும் இப்போது நன்றாக அடையாளம் கண்டுகொள்கிறார், அதுவும் தூரத்திலேயே. அப்படி ஒரு தகடு வருவதைக் கண்டால், தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்ப்பார்.

"வாஷிங்டன் பாப்பா" என்பான் அவன், மெதுவாக.